கேட்டதுக்கு மட்டும் பதில்

இந்தப் பை மடியிலேயே இருக்கட்டும் தம்பி, மேல எல்லாம் வைக்க வேண்டாம். கனமா? கனமெல்லாம் இல்ல. ஒரு மாத்து வேட்டி, ஒரு டப்பா தயிர்ச்சோறு, நாலஞ்சு காகிதம். காகிதம்னதும் குனிஞ்சு பாக்கீங்க பாத்தீங்களா! சும்மா சொன்னேன். உக்காருங்க, உக்காருங்க. மதுரைக்கா? நானும் மதுரைதான். சன்னலோரம் கேக்க மாட்டீங்கள்லா? எனக்கு இதுதான் தோது. ஒரு பக்கம் தகரம், இந்தப் பக்கம் நீங்க. ரெண்டு பக்கமும் ஆள் இருந்தா எனக்கு ஆகாது.

என்ன சோலியா போறீங்கன்னு கேட்டுட்டீங்க. சொல்லக் கூடாத சோலி. ஆனா மதுரை வரைக்கும் வாயை மூடிக்கிட்டு எப்படி இருக்க? பேர் சொல்ல மாட்டேன். ஊர் சொல்ல மாட்டேன். கோவில்பட்டிக்கு மேக்க ஒரு ஊருன்னு வச்சுக்கங்க. அங்க ஒரு பேங்க். அதுக்கு நான் மேனேஜர். எந்தப் பேங்குன்னு மட்டும் கேட்றாதீங்க.

சம்மன் வந்திருக்கு தம்பி, எனக்குத்தான். அட, அதுக்குள்ள ஒரு சாண் தள்ளி உக்காந்தா எப்படி? நான் குத்தவாளி இல்ல, சாட்சி. ஆனா பாருங்க, சாட்சிக்கும் அதே காகிதந்தான், குத்தவாளிக்கும் அதே காகிதந்தான். பாளையங்கோட்டையில எங்க தெருவுக்கு போஸ்ட்மேன் அதைக் கொண்டுவந்து என்கிட்ட கையெழுத்து வாங்குனான். அன்னியில இருந்து எதுத்த வீட்டுக்காரன் என்னைப் பாத்தா மடிச்சுக் கட்டுன வேட்டியை இறக்கி விட மாட்டேங்கான். அவன் ஏற்கெனவே ஒரு மாதிரிதான்.

விஷயத்தைச் சொல்லுதேன். ஒரு கணக்குல சந்தேகப்படுத மாதிரி பணம் வந்து போச்சுன்னா, அதை நாங்க மேல சொல்லணும், அது சட்டம். முதல்ல கம்ப்யூட்டரே ஒரு அலர்ட் கொடுக்கும், இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருன்னு. கிளையில ஒருத்தர் பாத்து எழுதணும், இன்னொருத்தர் சரின்னு ஒப்புக்கிடணும். அதை எங்க தலைமை அலுவலகம் டெல்லிக்கு அனுப்பிரும். இதுல முக்கியமான சங்கதி என்னன்னா, அப்படி ஒண்ணு போயிருக்குன்னு அந்தக் கணக்குக்காரனுக்குத் தெரியவே கூடாது. சாடைமாடையாக் கூடக் காட்டக் கூடாது. காட்டுனா வேலையும் போகும், கம்பியும் எண்ணணும். இதுக்கு எங்களுக்கு வகுப்பே எடுத்தாவ. சம்மன் வந்தா என்ன செய்யணும்னும் அதே வகுப்புலதான் சொன்னாவ. கேட்ட காகிதத்தைக் கொடு, கேக்காத காகிதத்தைத் தொடாதே. கேட்டதுக்கு மட்டும் பதில். மத்தவன் எல்லாம் தூங்கிட்டான், நான் தூங்கல. அந்த வார்த்தை என் மண்டையில அப்படியே நின்னுட்டு.

எங்க பேங்குக்கு நேர் எதுத்தாப்புல ஒரு பாத்திரக் கடை. அந்த அண்ணாச்சியோட நடப்புக் கணக்கு எங்ககிட்டதான். தினசரி பதினோரு மணி வாக்குல ரோட்டைத் தாண்டி வருவாரு. கையில எவர்சில்வர் தூக்கு, அவரு கடைச் சரக்குதான். மூடி அப்படிப் பிடிக்கும், ஒரு சொட்டு சிந்தாது. உள்ள கருப்பட்டிக் காபி. வீட்டுல அவரு சம்சாரம் கைப்பட போட்டது. தம்ளரும் அவரே கொண்டாருவாரு. முதல் தம்ளர் எனக்கு. நான் ஒரு வாய் குடிச்சிட்டு “ம்”ம்பேன். அந்த “ம்” காதுல விழுந்த பெறகுதான் அடுத்த தம்ளர்ல ஊத்துவாரு. நான் அந்தக் கிளைக்கு வந்ததுல இருந்து இதுதான் நடைமுறை. “மேனேஜர் ம் சொல்லியாச்சா? அப்ப பேங்க் தொறந்தாச்சு”ன்னு வாசல்ல நிக்குத ஜனங்க கேலி பேசுவாவ. அவ்வளவு பழக்கம்.

நல்ல மனுசன்னுதான் நினைச்சேன். மாசில்லாத சிரிப்பு. மக கல்யாணத்துக்குச் சேக்கேன் சார், சேக்கேன் சார்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு.

ஒருநாள் அலர்ட் வருது. கணக்கைத் தொறந்து பாத்தா எனக்குத் தலை சுத்திட்டு. எங்கெங்கயோ இருந்து பணம் வந்து விழுது. ஊர்ப்பேரு வாயில நுழைய மாட்டேங்கு. வந்த பணம் அன்னிக்கே வெளிய ஓடுது. கோவில்பட்டிக்கு மேக்க உள்ள ஒரு கடையில, அம்புட்டுத் தொலைவுல இருக்கவன் இட்லிக் கொப்பரையா வாங்குதான்? களவுப் பணம் போட்டு எடுக்கத் தன் கணக்கை எவனுக்கோ வாடகைக்கு விட்டிருக்காரு மனுசன். மச்சினன் ஒருத்தன் வெளியூர்ல இருந்து கார்ல வந்துபோவான், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு. அவன் வேலையாத்தான் இருக்கும். அந்தக் கண்ணாடியை நான் அப்பவே சந்தேகப்பட்டேன்.

அறிக்கையை எழுதினது எங்க உதவி மேனேஜர். முப்பிடாதின்னு ஒரு பொண்ணு. சரி, பேர் வாயில வந்துட்டு, விடுங்க. முப்பது முப்பத்தொண்ணு வயசு இருக்கும். கெட்டிக்காரி, அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். அவ எழுதினா, நான் ஒப்புக்கிட்டேன், அனுப்பியாச்சு. கிளையில அஞ்சு பேர் இருக்கோம். விஷயம் தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. நான், அவ. இதை நல்லா மனசுல வச்சுக்கங்க. நான், அவ.

மறுநாள் பதினோரு மணி. அண்ணாச்சி தூக்கோட வாராரு, அதே சிரிப்பு. இவரு மேல அறிக்கை அனுப்பிட்டு இவரு காபியை எப்படிக் குடிக்க? நாளைக்கு ஒருத்தன் விரலை நீட்டிக் கேப்பாம்லா, “அவன் காபியைக் குடிச்சுக்கிட்டே உளவு பாத்தியா”ன்னு? இல்லைன்னா, “காபிக்காக அவனை விட்டுட்டியா”ன்னு? நான் நேர்மையான ஆளு தம்பி. அண்ணாச்சி தம்ளரை என் மேசை மேல வச்சுத் தூக்கைச் சாய்ச்சாரு. நான் கையை இப்படி வச்சேன். இந்தா பாருங்க, உள்ளங்கையை இப்படிக் கமுத்தி, தம்ளர் வாய்மேல. அவ்வளவுதான். வேண்டாம்னு கூட வாயைத் திறந்து சொல்லல. ஒரு வார்த்தை பேசல. அதுதான் சட்டம்.

“என்ன சார், உடம்புக்கு ஆகலையா?”ங்காரு.

நான் ஃபேனைப் பாத்தேன்.

“சீனி வியாதி வந்துட்டா? கருப்பட்டியைக் குறைக்கச் சொல்லட்டா?”

நான் காலண்டரைப் பாத்தேன்.

நான் “ம்” சொல்லாததுனால மத்தவங்களுக்கு ஊத்தவா வேண்டாமான்னு அவருக்குத் தெரியல. தூக்கைச் சாய்ச்சபடியே நிக்காரு. காசாளர், பியூன் எல்லாரும் தம்ளரும் கையுமா என்னையப் பாக்காவ, அவரைப் பாக்காவ. அப்பத்தான் அந்த முப்பிடாதி பண்ணின காரியத்தைக் கேளுங்க. தம்ளரை நீட்டி, “எனக்கு ஊத்துங்க அண்ணாச்சி, இன்னிக்கு ஏலக்காய் வாசம் தூக்கலா இருக்கே!”ன்னா. குடிச்சா தம்பி! சிரிச்சுக்கிட்டே குடிச்சா! முந்தின நாள் அந்த மனுசன் மேல அறிக்கை எழுதின அதே கை, அதே தம்ளர். எப்படி முடியும்? நெஞ்சுல ஈரம் இருக்கவளுக்கு முடியுமா? அப்பவே என் மனசுல ஒரு முள்ளு தைச்சுட்டு. இவளுக்கும் அவருக்கும் ஏதோ இருக்கு.

அடுத்த நாள் கருப்பட்டி இல்லாத காபி வருது. நான் கையை வச்சேன். அதுக்கு மறுநாள் பனங்கற்கண்டுப் பால், மிளகு தட்டிப் போட்டு. கையை வச்சேன். உண்மையைச் சொல்லுதேன், எனக்கு அது லேசான காரியம் இல்ல. நாலு வருசம் குடிச்ச நாக்கு. பதினோரு மணி ஆனா அதுவா தேடும். சில நாள் கண்ணுல தண்ணி கூட வந்துட்டு. ஆனா ஒரு வார்த்தை பேசினேனா? பேசல.

என் அறை கண்ணாடி அறை. அண்ணாச்சி கல்லாவுல உக்காந்தாருன்னா என் மேசை நேரா தெரியும். நாலு வருசமா அவரு அங்க இருந்து கை தூக்குவாரு, நான் இங்க இருந்து தூக்குவேன். இனி அவரு என்னைப் பாக்கலாமா? மூஞ்சியைப் பாத்து எதையாவது கண்டுபிடிச்சுட்டாருன்னா? திருநெல்வேலியில ஒரு திரைச்சீலை வாங்கிட்டு வந்தேன். பச்சைக் கலரு. நானே நாற்காலி மேல ஏறி ஆணி அடிச்சு மாட்டினேன். அவரு கல்லாவுல இருந்து எந்திரிச்சு வாசலுக்கே வந்து நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. பாருங்க, பாருங்க, இதுக்கு மேல ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு திரையை இழுத்து விட்டேன். அன்னிக்குத்தான் நிம்மதியா மூச்சு விட்டேன்.

நீங்க சிரிச்ச மாதிரி இருந்துது? இல்லையா? சரி.

அதுக்குப் பெறகுதான் பெரிய சோதனை. அண்ணாச்சியும் சம்சாரமும் தாம்பூலத் தட்டோட வந்து நிக்காவ. மக கல்யாணப் பத்திரிகை. எங்க பக்கம் எப்படின்னு உங்களுக்குத் தெரியும்லா? எந்திரிச்சு ரெண்டு கையால வாங்கணும். வாங்கலைன்னா அதுக்கு மேல ஒரு அவமானம் கிடையாது. ஆனா நான் எப்படி வாங்க? வாங்கினா கல்யாணத்துக்குப் போகணும், போனா பந்தியில உக்காரணும், போட்டோ எடுப்பான், நாளைக்கு அந்தப் போட்டோவை ஒருத்தன் மேசையில தூக்கிப் போடுவான். நான் எந்திரிக்கல, கையை நீட்டல. ஒரு பைலைப் புரட்டிக்கிட்டே தலையை மட்டும் இப்படி அசைச்சேன், மேசையில வைங்கன்னு.

அந்த அம்மாவுக்குக் கண்ணு கலங்கிட்டு. அண்ணாச்சி கலங்கல. என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. எம்புட்டு நேரம்னு சொல்லத் தெரியல. முதல்ல மூஞ்சியில சிரிப்பு போச்சு. பெறகு ஏதோ கணக்குப் போடுத மாதிரி கண்ணைச் சுருக்கினாரு. பெறகு மெல்ல தலையை ஆட்டினாரு, யாரோ ஏதோ சொன்னதைக் கேட்டுக்கிட்ட மாதிரி. அந்த அறையில அப்ப யார் என்ன சொன்னா? யாரும் ஒண்ணும் சொல்லல! களவாணிப் பார்வை தம்பி, வேற என்ன.

உடனே இந்த முப்பிடாதி ஓடி வந்து, ரெண்டு கையாலயும் தட்டை வாங்கி, “அண்ணாச்சி, மேனேஜர் சாருக்கு மேலிடத்துல நெருக்கடி, எங்க எல்லார்கிட்டயும் இப்படித்தான் இருக்காரு, தப்பா எடுத்துக்காதீங்க. நான் குடும்பத்தோட வந்துருதேன்”ன்னா. கேட்டீங்களா? கேட்டீங்களா அந்த வார்த்தையை? மேலிடம்! மேலிடத்துல நெருக்கடியாம்! மேலிடத்துக்கு ஏதோ போயிருக்குன்னு இதைவிடச் சாடை காட்ட முடியுமா? என் காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தின மாதிரி இருந்துது. நான் மாசக்கணக்கா வாயைக் கட்டி, நாக்கைக் கட்டிக் காப்பாத்தினதை இவ ஒரு வார்த்தையில போட்டு உடைச்சுட்டா.

அதுக்கு அடுத்த வாரமே கணக்கு வறண்டு போச்சு. செல்போன்லயே எல்லாத்தையும் வழிச்சு வெளிய அனுப்பிட்டாரு. ஒருநாள் பதினோரு மணிக்கு நான் திரையை லேசா விலக்கிப் பாக்கேன், கடைக் கதவு சாத்தியிருக்கு. பூட்டுல ஒரு எலுமிச்சம்பழம் கட்டித் தொங்குது. ஆளு குடும்பத்தோட இல்ல. கல்யாணம் என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியல. அந்தப் பிள்ளை என்ன பாவம் பண்ணிச்சு. அதை நினைச்சா எனக்கும் மனசு கேக்கத்தான் மாட்டேங்கு.

அதுக்கப்புறம் வருது முதல் சம்மன், பேங்க் பேருக்கு. அந்தக் கணக்கை முடக்கு, கணக்கு ஆரம்பிச்சப்ப கொடுத்த காகிதம், ஒரு வருசத்து வரவு செலவு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வான்னு. முடக்கறதுக்கு அங்க என்ன இருக்கு? குறைந்தபட்ச இருப்புதான் இருக்கு. கேட்டதை மட்டும் எடுத்தேன். பியூனை நம்பாம நானே ஜெராக்ஸ் எடுத்தேன். அந்த மிசினுக்கும் எனக்கும் ஆகாது, சட்டை பூரா கரி. அந்தக் கரிச் சட்டையோடயே போய் நின்னேன். விசாரணை அதிகாரி காகிதத்தை எல்லாம் பாத்துட்டு, “பறவை பறந்துட்டே சார், யாரோ காதுல போட்டிருக்காவ. உங்க கிளையில இது யார் யாருக்குத் தெரியும்?”ன்னு கேட்டாரு.

கேட்டாரு, நான் பதில் சொன்னேன். எனக்கும் முப்பிடாதிக்கும்தான் தெரியும்னேன். “நீங்க சொன்னீங்களா?”ன்னாரு. நான் ஒரு வார்த்தை பேசல சார்னேன். அது சத்தியம். “அப்ப அவங்க?”ன்னாரு. காபி குடிச்சதைச் சொன்னேன், சிரிச்சதைச் சொன்னேன், தட்டு வாங்கினதைச் சொன்னேன், மேலிடம்னு சொன்னதைச் சொன்னேன். அடுத்த வாரம் அவளை சஸ்பெண்ட் பண்ணிட்டாவ.

இப்ப இந்த ரெண்டாவது சம்மன் அதுக்குத்தான். இன்னிக்கு நான் சொல்லுததை எழுதி, நான் கையெழுத்துப் போட்டுட்டா, அவ வேலை அத்தோட சரி. கேஸ் வேற. இன்னிக்கு என் கையெழுத்துலதான் அவ தலையெழுத்து இருக்குன்னு வச்சுக்கங்களேன்.

பாவமா? பாவம் பாத்தா ஆகுமா தம்பி?

ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்துட்டா. இடுப்புல அவ மக. ரெண்டு வயசு இருக்கும். நான் கேட்டைத் திறக்கல. சாட்சியைக் கலைக்க வந்திருக்கான்னு நாளைக்குப் பேச்சு வரும்லா? கம்பிக்கு அந்தப் பக்கமே நின்னா. அழுவான்னு நினைச்சேன், அழல. அதுலயும் ஏதோ இருக்கு.

“சார், என்னைக் காப்பாத்துங்கன்னு கேக்க வரல,”ங்கா. “எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம். நீங்க அந்தக் காபியை என்னிக்கு நிறுத்தினீங்கங்கதை மட்டும் அவங்ககிட்ட சொல்லுங்க. எப்படி நிறுத்தினீங்கங்கதையும். அது போதும் சார்.”

எனக்குச் சிரிப்பும் வருது, கோவமும் வருது. ஏ பிள்ளை, நான் காபி குடிச்சா என்ன, குடிக்காட்டா என்ன? நான் குடிக்காதது என் யோக்கியதை. நீ குடிச்சதுலா விசாரணை! அதைச் சொன்னேன் அவகிட்ட.

“நான் குடிச்சது அவருக்குத் தெரியக் கூடாதுன்னுதான் சார். எப்பவும் போல இருக்கணும்னு அதே வகுப்புலதான் சொல்லிக் கொடுத்தாங்க”ன்னா. “காலையில குடிச்சது ராத்திரி வரைக்கும் எனக்கு நெஞ்சைக் கரிச்சுக்கிட்டே இருக்கும். யார்கிட்ட சொல்ல முடியும்?”ன்னா. அப்பத்தான் குரல் உடைஞ்சுது. பிள்ளை அவ மூஞ்சியைத் தொட்டுத் தொட்டுப் பாக்குது.

நடிப்பு. நல்ல நடிப்பு.

அவ போன பெறகுதான் கவனிச்சேன். என் சம்சாரம் சிவகாமி சன்னல் வழியா எல்லாத்தையும் கேட்டிருக்கா. எனக்கு அவ மேலயும் கொஞ்ச நாளா ஒரு இது உண்டு. போன்ல பேசினா கூடத்துக்குப் போயிருதா. இன்னிக்குக் காலையில தயிர்ச்சோறு கட்டிக்கிட்டே சொல்லுதா, “அந்தப் பொண்ணு கேட்டதைச் சொல்லிருங்களேன். ஒரு வரிதானே.”

“அவங்க கேட்டா சொல்லுதேன், கேக்காததை நான் ஏன் சொல்லணும்?”ன்னேன். “காபிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“கல்யாணமான நாள்ல இருந்து நீங்க என் மேல எப்ப கோவமா இருக்கீங்கன்னு நான் எதை வச்சுக் கண்டுபிடிக்கேன்னு நினைக்கீங்க?”ன்னா. “வாயைத் திறந்து ஒருநாளாவது சொல்லியிருக்கீங்களா? நான் காபியை வச்சா கையைக் கமுத்துவீங்க. எனக்குத் தெரிஞ்சிரும். கடைக்காரருக்குத் தெரியாதா?”

பொம்பளைங்க எப்படி ஒண்ணு சேந்துக்கிடுதாவ பாத்தீங்களா! முப்பிடாதி இவகிட்ட முன்னாலயே போன்ல பேசியிருக்கணும். இல்லைன்னா ரெண்டு பேரும் ஒரே காபியை எப்படிப் பிடிப்பாவ? நான் டப்பாவை வாங்கிப் பையில போட்டுட்டு, சொல்லிக்காம வந்துட்டேன்.

எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஏழு மாசம்தான் இருக்கு தம்பி. இந்த நேரத்துல காபி, திரைச்சீலைன்னு நானா எதையாவது உளறி வம்பை விலைக்கு வாங்கணுமா? அவங்க கேக்கட்டும். “காபி குடிச்சீங்களா?”ன்னு கேட்டா குடிக்கலம்பேன். கேக்க மாட்டாவ. விசாரணையில எவனாவது காபியைப் பத்திக் கேப்பானா? கேட்டதுக்கு மட்டும் பதில். அவ்வளவுதான். நான் யாருக்கும் துரோகம் பண்ணல. என்ன, சரிதானே?

என்ன கேட்டீங்க?

இல்ல, சரியா காதுல விழல. இந்தப் பஸ்ஸுக்காரன் ஹாரனைத் திருப்பித் திருப்பி அடிக்கான். இன்னொரு தடவை சொல்லுங்க.

அண்ணாச்சி பணத்தை எடுத்தது நான் காபியை நிறுத்தினதுக்கு முந்தியா பிந்தியான்னா?

பிந்திதான். அதுக்கு முந்தி எல்லாம் எப்பவும் போலத்தான் ஓடிக்கிட்டு இருந்துது. தட்டோட வந்துட்டுப் போனாவள்லா, அதுக்கு அடுத்த திங்கக்கிழமைதான் எல்லாம்...

ஏன் கேக்கீங்க?

இல்ல, சும்மாவா? சும்மா ஒருத்தன் அதைக் கேப்பானா? இம்புட்டு நேரம் நான் எம்புட்டுச் சொன்னேன். எங்கெங்கயோ இருந்து பணம் வந்ததைச் சொன்னேன், மச்சினனைச் சொன்னேன், கறுப்புக் கண்ணாடியைச் சொன்னேன். அதை எல்லாம் விட்டுட்டு, நேரா காபிக்கு வாரீங்க. அவளும் அதைத்தான் கேட்டா. வீட்டுக்காரியும் அதைத்தான் கேட்டா. இப்ப நீங்க.

எந்த ஊரு நீங்க? மதுரையில யாரைப் பாக்கப் போறீங்க? பஸ்ஸுல அம்புட்டு சீட்டு காலியா கிடக்க என் பக்கத்துல ஏன் வந்து உக்காந்தீங்க? ஆங், நான்தான் உக்காரச் சொன்னேன். சரி. சரி, சரி. நான் ஒண்ணும் சொல்லல. கண்ணு சொருகுது, கொஞ்சம் சன்னல்ல சாஞ்சுக்கிடுதேன்.

...

சாத்தூர் தாண்டிட்டா? எத்தனை நிமிசம் நிப்பாட்டுவானாம்? நீங்க இறங்கிப் போயிட்டு வாங்க. நான் இறங்கல. பை இருக்கு.

என்னது இது? எதுக்கு ரெண்டு கப்பு வாங்கினீங்க? கருப்பட்டிக் காபியா? இங்க கிடைக்குதா? வாசம் நல்லாத்தான்...

ம்ஹும்.

அட, ஏன் அப்படியே நிக்கீங்க? காபி ஆறுதுல்லா, நீங்க குடிங்க. ஏன் மூஞ்சி இப்படி மாறிட்டு? என்ன? என்ன சொன்னீங்க? “என் மேல சந்தேகமா சார்”னா கேக்கீங்க?

உங்களுக்கு எப்படித் தெரியும்?

நான் வாயைத் திறக்கலையே தம்பி! சந்தேகம்னு ஒரு வார்த்தை சொன்னேனா? கப்பு மேல கையைத்தானே வச்சேன்! அதை வச்சு எப்படி... இல்ல, இல்ல. யாரோ சொல்லியிருக்கணும். யாராவது சொல்லாம உங்களுக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னா? சொல்லுங்க, யார் சொன்னா?